நீர்க்குமிழி நோய்

தோலின்மேல் எழும் கொப்புளங்களை நம்மவர் பல வகையாகப் பிரித்து அறிந்திருந்தனர். அடுப்பங்கரையில் கை சுட்டால் எழுவது ஒன்று. புதுச் செருப்புக் கடித்தால் எழுவது ஒன்று. அம்மை கண்டால் முத்து முத்தாய் எழுவது மற்றொன்று. உடலின் ஒரு பக்கத்தில் நெருப்பாய் எரிந்து படரும் அக்கிக்குக் குயவர் வீட்டுக்குச் சென்று செங்காவியால் எழுதிக்கொண்டு வருவது இன்றும் சில ஊர்களில் உள்ள வழக்கம். ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒரு பெயரும், ஒரு காரணமும், ஒரு பக்குவமும் இருந்தன. ஆனால் தீ சுடாமல், செருப்புக் கடிக்காமல், கிருமியும் தொற்றாமல், நாற்பது ஐம்பது வயதுவரை நலமாயிருந்த ஒருவரின் உடலில் தானாகவே எழுந்து, உடைந்து, பச்சைப் புண்ணாய்ப் பரவுகின்ற கொப்புளம் ஒன்றும் உண்டு. அதற்கென்று ஒரு பெயர் நம் வீட்டுப் பேச்சில் நிலைபெறவில்லை. பெயர் இல்லாமையால் அதனைச் சிலர் அம்மை என்கின்றனர். சிலர் அக்கி என்கின்றனர். பலர் வெறும் வாய்ப்புண் என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர்.

மருத்துவ நூல்கள் அதனைப் பெம்பிகஸ் என்று அழைக்கின்றன. கிரேக்க மொழியில் 'பெம்பிக்ஸ்' என்னும் சொல்லுக்குக் குமிழி என்பது பொருள். நீர்மேற் குமிழியை நம் பெரியோர் நிலையாமைக்கு உவமையாகக் கூறினர். 1950-ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நோய் கண்டவர்களைப் பொறுத்தவரை அந்த உவமை முற்றும் பொருந்தியிருந்தது. நால்வரில் மூவர் என்ற அளவில், பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள், அவர்கள் மாண்டனர். இன்றோ முறையான சிகிச்சை பெறுவோரில் இறப்பவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்பதே நான் கூற வந்த வரலாறு. அதில் நம் தலைநகராகிய டில்லிக்கும் ஒரு பங்கு உண்டு.

பெயர் பழமையானது, ஆனால் அது நெடுங்காலம் வேறு பொருளில் வழங்கிற்று. ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களிலே கொப்புளக் காய்ச்சல் என்று ஒன்று பேசப்படுகிறது. அது நாம் இங்கே கருதும் நோய் அன்று. 1760-ல் பிரான்சு நாட்டின் மாண்ட்பெலியே நகரத்து மருத்துவர் சோவாஜ் என்பவர், செடி கொடிகளை இனம் பிரிப்பதுபோல் நோய்களையும் இனம் பிரித்து அட்டவணை செய்தபோது பெம்பிகஸ் என்னும் சொல்லை எடுத்தாண்டார். அவர் குறித்ததும் காய்ச்சலோடு வந்து சில நாளில் மறையும் கொப்புளத்தையே. 1791-ல் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து மருத்துவர் விக்மன் என்பவர்தாம், காய்ச்சலைச் சாராமல் நெடுநாள் நீடிக்கும் கொப்புள நோய்க்கு இப்பெயரைச் சூட்டினார். அவர் விவரித்த நோயாளிக்குத் தளர்ந்த கொப்புளங்களும், வாயினுள்ளே வேதனை தரும் புண்களும் இருந்தன. இன்று ஒரு மாணவன் பரீட்சையில் எழுத வேண்டிய இலக்கணம் இதுவே. வாய்ப்புண்ணையும் தோற்கொப்புளத்தையும் ஒரே நோயின் இரு முகங்களாகக் கண்டதில்தான் அவருடைய கூர்மை விளங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வருணனைகள் பெருகின; குணம் மட்டும் கிட்டவில்லை. 1844-ல் பாரிஸ் மருத்துவர் கஸனாவ், வாயைத் தொடாமல் தோலை மட்டும் பற்றி, உதிரும் இலைகளைப்போல் செதில் செதிலாக உரியச் செய்யும் வகையொன்றை எடுத்துக் காட்டினார். வியன்னாவில் ஹெப்ரா என்னும் பேராசிரியர் ஒரு விந்தையான சிகிச்சையைக் கையாண்டார். படுக்கையில் கிடந்தால் புண்ணெல்லாம் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே வெதுவெதுப்பான நீர் நிறைந்த தொட்டியிலேயே நோயாளியைப் படுக்க வைத்துவிட்டார். நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில். அவர்கள் உண்டதும் உறங்கியதும் அந்த நீரிலேதான். இதைப் படிக்கும்போது நமக்கு நகை தோன்றலாம். ஆனால் தோல் உரிந்த உடம்பு எதனோடும் உராயக் கூடாது என்னும் உண்மையை அவர் உணர்ந்திருந்தார். லண்டனில் ஹட்சின்சன் போன்ற புகழ்பெற்ற மருத்துவர் நம்பிக் கொடுத்த சங்கபாஷாணத்தைக் காட்டிலும் அந்த நீர்த்தொட்டி நோயாளிக்கு ஆறுதல் அளித்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

1896-ஆம் ஆண்டில் கீவ் நகரத்தில் நிகோல்ஸ்கி என்னும் மருத்துவர் தம் ஆராய்ச்சி நூலில் ஓர் எளிய குறியைப் பதிவு செய்தார். கொப்புளத்துக்கு அருகே, பார்வைக்கு நலமாகத் தோன்றும் தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால், மேல்தோல் வழுக்கிக்கொண்டு பெயர்ந்து வருகிறது. கருவி வேண்டா, செலவு இல்லை; மருத்துவரின் விரல் ஒன்றே போதும். கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் நோயின் எல்லை அன்று. நலமாகத் தோன்றும் தோலும் உள்ளே பிடிப்பை இழந்து நிற்கிறது என்பதை அந்த விரல் அறிவித்தது. நிகோல்ஸ்கி குறி என்ற பெயரால் உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர். வீட்டில் இருப்போர் இதனைச் செய்து பார்க்கத் துணிய வேண்டா. பெயர்ந்த தோல் மற்றுமொரு புண்ணாகும்.

பிடிப்பை இழந்தது எது என்ற கேள்விக்கு விடை கூற நுண்ணோக்கி தேவைப்பட்டது. 1943-ல் பாரிஸில் சிவாத் என்பவர், பெம்பிகஸ் கொப்புளத்தில் மேல்தோலின் உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து தனித்தனியே மிதப்பதே இந்நோயின் அடையாளம் என்று காட்டினார். நான்காண்டுகள் கழித்து, அதே நகரில் இரத்ததானப் பணிக்கு முன்னோடியாக விளங்கிய சாங்க் என்பவர், கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தாலே அவ்வணுக்களைக் காணலாம் என்று தெரிவித்தார். பிறகு 1953-ல், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பாஸ்டனில் பணியாற்றிய வால்டர் லீவர், அதுகாறும் ஒரே பெயரால் அழைக்கப்பட்ட நோயை இரண்டாகப் பகுத்தார்.

நம் தோலை ஒரு வீடாகக் கருதுங்கள். மேல்தோல் என்பது செங்கல் அடுக்கிய சுவர். அடித்தோல் அதன் அஸ்திவாரம். பெம்பிகஸ் நோயில் செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து கரைகிறது. சுவர் நடுவிலேயே பிளக்கிறது. ஆதலின் கொப்புளத்தின் கூரை மெல்லியது, தொய்ந்து தொங்கும், ஆடை பட்டாலே உடையும். லீவர் வேறாகப் பிரித்துப் பெம்பிகாய்டு என்று பெயரிட்ட நோயிலோ, சுவர் முழுவதும் அஸ்திவாரத்தினின்று பெயர்கிறது. அங்கே கூரை தடித்தது, கொப்புளம் விறைத்து நிற்கும், எளிதில் உடையாது. அது பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய முதியோரைப் பற்றுவது. கொப்புளம் எழுவதற்கு வாரங்களுக்கு முன்பே, சில வேளை மாதங்களுக்கு முன்பே, தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும், தடிப்புத் தடிப்பான சிவப்பும் தோன்றும். வாயைத் தாக்குவது குறைவு. 'வயதானால் தோல் அரிக்கும்' என்று வீட்டார் ஒதுக்கிவிடும் அரிப்பில் சில இந்நோயாக இருத்தல் கூடும். நீரிழிவுக்காக உட்கொள்ளும் கிளிப்டின் வகை மாத்திரைகள், சிறப்பாக வில்டாகிளிப்டின், சிலரிடம் இந்நோயைக் கிளப்பிவிடுகின்றன என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. அம்மாத்திரையை உட்கொள்ளும் முதியவருக்குக் கொப்புளம் கண்டால் அச்செய்தியை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

மூன்றாவதொரு நோயையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1884-ல் பிலடெல்பியா நகரத்து டூரிங் என்பவர் விவரித்தது அது. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சிறு சிறு கொப்புளங்கள் கூட்டமாய் எழுந்து தாங்கவொண்ணாத அரிப்பைத் தரும். இதன் வேர் கோதுமையில் உள்ள பசைப் புரதத்தில் இருக்கிறது. 1966-ல் இந்நோயாளிகளின் சிறுகுடலும் பழுதுற்றிருப்பது கண்டறியப்பட்டது. கோதுமை உண்ணும் வட மாநிலங்களில் இந்தக் குடல்நோய் தென்னாட்டைவிட மிகுதி. நம்மவரிடம் அரிதே எனினும், சோறு விட்டுச் சப்பாத்திக்கு மாறிய ஊர்களில் வாழ்வோர் பெயரளவிலாவது அறிந்திருப்பது நல்லது.

மீண்டும் பெம்பிகஸுக்கு வருகிறேன். நம் நாட்டில் அது பெரும்பாலும் வாயிலேதான் தொடங்குகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்தே தோலில் இறங்குகிறது. இந்த இடைவெளியில்தான் நோயாளி அலைக்கழிகிறார்.

நான் டில்லியில் குடியிருந்த காலத்தில், அண்டை வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மையார் ஒருவர் இருந்தார். கணவருக்கு மத்திய சர்க்கார் அலுவலகத்தில் வேலை. அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். வாயெல்லாம் புண், ரசம் சோறு உண்ண முடியாமல், குழையப் பிசைந்த தயிர்ச்சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். ஏழு மாதம் இவ்வாறு கழிந்தது. பல் வைத்தியரைப் பார்த்தார். தெருமுனை வைத்தியரைப் பார்த்தார். வைட்டமின் மாத்திரைகளையே வாங்கி வந்தார். அவர் அறிந்த சிறிதளவு இந்தியில் 'வாயில் சாலே' என்று மட்டும் சொல்லுவார். இந்தியில் சாலே என்னும் சொல் வாய்ப்புண்ணையும் குறிக்கும், கொப்புளத்தையும் குறிக்கும். கேட்ட வைத்தியர்கள் அன்றாடம் வரும் வாய்ப்புண் என்றே பொருள் கொண்டனர். முதுகிலும் மார்பிலும் எழுந்து உடைந்த கொப்புளங்களையோ, டில்லியின் கோடை வெயிலில் வந்த வேனற்கட்டி என்று கருதி, அந்நிய ஆடவரிடம் காட்டக் கூசி, அவர் சொல்லவே இல்லை. இறுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வாயைப் பார்த்துவிட்டு, 'முதுகைக் காட்டுங்கள், அம்மா' என்று சைகையால் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு ஏழு மாதம் ஆயிற்று. அவருடைய கதையைப் பிறகு தொடர்கிறேன்.

சிகிச்சையின் வரலாறு 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் ஹென்ச் என்பவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்மணி ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் சுரப்பு மருந்தை ஊசிவழிச் செலுத்தினார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்மருந்து பெம்பிகஸ் நோயாளிகளுக்கும் கொடுக்கப்பட்டது. மாண்டு போவார் என்று கைவிடப்பட்டவர்களிடம் புதுக் கொப்புளம் எழுவது நின்றது.

ஆயினும் இம்மகிழ்ச்சிக்கு விலை கொடுக்க நேர்ந்தது. நோயை அடக்க நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் பிரட்னிசோலோனும் அதற்கு மேலும் கொடுத்த காலம் உண்டு. முகம் வீங்கி வட்டமாயிற்று, எலும்பு நொறுங்கிற்று, நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்தன, உடல் கிருமிகளை எதிர்க்கும் திறனை இழந்தது. முன்னே நோயால் இறந்தவர்கள் பின்னே மருந்தால் இறந்தனர் என்று சொல்லும்படி ஆயிற்று. மருந்து ஏன் வேலை செய்கிறது என்பதும் அப்பொழுது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதற்கு விடை பஃபலோ நகரிலிருந்து வந்தது. உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது, அத்தகைய செயலை இயற்கை அஞ்சி விலக்குகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பேரறிஞர் பால் எர்லிக் வகுத்த கருத்து. அரை நூற்றாண்டுக் காலம் அது பெரும்பாலோரால் ஐயமின்றி ஏற்கப்பட்டது. 1956-ல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் விட்டெப்ஸ்கியும் ரோஸும், முயலின் உடல் தன் தைராய்டுச் சுரப்பியையே எதிர்க்குமாறு செய்ய முடியும் என்று காட்டினர். அதே நகரில் 1964-ல் போய்ட்னர், ஜார்டன் என்னும் இருவர், பெம்பிகஸ் நோயாளியின் இரத்தநீரைத் தோல்திசுவின்மேல் படியவிட்டு, ஒளிரும் சாயமூட்டிய பொருளைக்கொண்டு சோதித்தனர். இருளில் பச்சை ஒளியாய், உயிரணு ஒவ்வொன்றையும் சுற்றி, மீன்வலை விரித்ததுபோன்ற கோலம் தெரிந்தது. அந்த வலையின் கண்ணிகள் அமைந்த இடமே செங்கற்களுக்கு நடுவே சாந்து இருக்கும் இடம். கிருமிகளை அழிக்க உடல் செய்துகொள்ளும் எதிர்ப்பொருள், இந்நோயாளிகளிடம் தம் சொந்தத் தோலின் சாந்தின்மேல் பாய்கிறது என்பது புலனாயிற்று. பெம்பிகாய்டு நோயில் அதே ஒளி அஸ்திவாரத்தின் கோட்டில் நேர்க்கோடாகப் படிவதை 1967-ல் கண்டனர். லீவர் கண்ணாலும் நுண்ணோக்கியாலும் செய்த பிரிவினை சரியென்று நிலைபெற்றது.

எதிர்ப்பொருள் இருப்பது வேறு. அதுவே குற்றவாளி என்பது வேறு. 1982-ல் அன்ஹால்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் நோயாளியின் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினர். அவற்றின் தோலிலும் கொப்புளம் எழுந்தது. 1991-ல் அமெரிக்காவில் ஜப்பானிய ஆய்வாளர் அமகாயும் ஸ்டான்லியும், தாக்கப்படும் சாந்து எது என்று அடையாளம் கண்டனர். டெஸ்மோக்ளீன் 3 என்பது அதன் பெயர். கஸனாவ் கண்ட உதிரும் வகையில் தாக்கப்படுவது அதன் உறவாகிய டெஸ்மோக்ளீன் 1. வாயின் உட்சவ்வு பெரிதும் மூன்றாவதையே நம்பி நிற்கிறது. தோலின் மேலடுக்கோ முதலாவதை நம்பி நிற்கிறது. ஒரு வகை வாயில் தொடங்குவதும் மற்றொரு வகை வாயைத் தொடாமல் விடுவதும் ஏன் என்பதற்கு இவ்வாறு 1844-லிருந்து காத்திருந்த விடை கிடைத்தது.

இந்த உதிரும் வகை பிரேசில் நாட்டின் உள்நாட்டு ஆற்றங்கரைப் பகுதிகளில் ஊர் ஊராகப் பரவியிருந்தது. அங்கே அதற்கு 'காட்டுத் தீ' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. நோயாளியின் தோல் எரிவதனாலும், அது காடு திருத்தி வாழும் ஏழை மக்களைப் பற்றுவதனாலும் அப்பெயர் பொருத்தமாயிற்று. ஊரார் தொற்றுநோய் என்று அஞ்சி அவர்களை ஒதுக்கினர். 1950-களின் இறுதியில் உபெராபா நகரில் அப்பரெசிடா என்னும் தாதி, ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ள இயலாது என்று அனுப்பிய இந்நோயாளிகளுக்குத் தாமே அடைக்கலம் தந்து, பிறகு அவர்களுக்கென்று ஒரு மருத்துவமனையையே எழுப்பினார். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. அங்குள்ள மணல் ஈயின் எச்சிற் புரதம் ஒன்று டெஸ்மோக்ளீன் 1-ஐ ஒத்திருப்பதால், ஈயை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தன் தோலையும் எதிர்க்கிறது போலும் என்று 2012-ல் ஆய்வாளர் எழுதினர்.

இனி டில்லிக்கு வருவோம். 1980-களின் தொடக்கத்தில் புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் தோல்மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஜே. எஸ். பஸ்ரிச்சா. அவர்முன் இருந்த சிக்கல் மேல்நாட்டு மருத்துவர்முன் இல்லாதது. நோயாளிகள் பலர் ஏழைகள். வெகு தூரத்திலிருந்து ரயிலேறி வருபவர்கள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உயர்ந்த அளவு ஸ்டீராய்டு உட்கொண்டு, அதன் தீமைகளைக் கண்காணிக்க வாரந்தோறும் வந்து போக இயலாதவர்கள். ஆகவே மருந்தை நாள்தோறும் சொட்டுச் சொட்டாக அளிப்பதை விட்டு, மாதத்துக்கொரு முறை வெள்ளமாகப் பாய்ச்சிப் பார்க்கலாமென்று அவர் துணிந்தார். அடுத்தடுத்து மூன்று நாள், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் டெக்ஸாமெதாசோன், குளுகோஸ் நீரில் கலந்து இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும். அவற்றுள் ஒரு நாள் 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடும் சேர்க்கப்படும். 28 நாள் கழித்து மீண்டும் அவ்வாறே. இடைப்பட்ட நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு 50 மில்லிகிராம் மாத்திரை மட்டும். 1984-ல் இம்முறை அச்சில் வெளியாயிற்று.

இந்த முறைக்கு நான்கு கட்டங்கள் வகுக்கப்பட்டன. புண் முழுதும் ஆறும்வரை முதற்கட்டம். புண் ஆறிய பின்னும் பல மாதம் அதே ஊசிகளைத் தொடர்வது இரண்டாவது. ஊசியை நிறுத்தி மாத்திரையை மட்டும் உட்கொள்வது மூன்றாவது. மருந்தே இல்லாமல் கண்காணிப்பது நான்காவது. இந்த இரண்டாம் கட்டத்திலேதான் பஸ்ரிச்சாவின் கருத்துத் தெளிவு விளங்குகிறது என்பது என் எண்ணம். தோலில் புண் மறைந்தாலும் எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் மறையவில்லை; நலம் தோன்றிய உடனே மருந்தை நிறுத்துவதே நோய் திரும்பி வரக் காரணம் என்று அவர் கொண்டார். 'குணமாயிற்று' என்ற சொல்லை மருத்துவர் எவரும் உச்சரிக்கத் தயங்கிய நோயில், மருந்தில்லாமல் ஆண்டுக்கணக்கில் நலமாயிருப்பவர்களை அவர் எடுத்துக் காட்டினார். விலை குறைந்த மருந்துகளையே கொண்ட இம்முறை இந்தியாவின் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பரவிற்று.

குறைகளும் உண்டு. சைக்ளோபாஸ்பமைடு ஆண், பெண் இருபாலாரிடத்தும் மகப்பேற்றுத் திறனைக் கெடுக்க வல்லது. ஆகவே மணமாகாதவர்க்கும் பிள்ளைப்பேறு வேண்டுவோர்க்கும் அதனை விடுத்தோ, அஸாதயோப்ரின் என்னும் வேறு மருந்தைச் சேர்த்தோ கொடுக்கலாயினர். வெள்ளமாகச் செலுத்தும் முறை நாள்தோறும் அளிக்கும் முறையினும் சிறந்தது என்பதற்கு முறையான ஒப்பீட்டுச் சான்று போதாது என்று மேல்நாட்டார் கூறியதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் வேறு விதமான நோயாளிகளை, வேறு விதமான மருத்துவமனைகளில் கண்டார்கள் என்பதையும் மறத்தல் ஆகாது.

திருநெல்வேலி அம்மையாருக்கு அளித்ததும் இம்முறையே. நான்கு ஊசிச் சுற்றுகளில் வாய் ஆறிற்று. ரசம் சோறு உண்டார். பிறகு மூத்த மகளின் கல்யாணத்துக்காக ஊர் சென்றார். அங்கே உறவினர் ஒருவர் ஸ்டீராய்டு நஞ்சு என்று சொல்லக் கேட்டு, இடையில் உட்கொள்ளுமாறு தந்திருந்த மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். இரண்டு சுற்று ஊசியும் தவறிற்று. நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரின் சிறுநீரகத்தின்மேல் உள்ள சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடும். வெளியிலிருந்து வரும் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரும். படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். அம்மையார் டில்லிக்குத் திரும்பியபோது ரயிலில் உட்காரவும் இயலவில்லை. புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அங்கே நான் கண்ட ஒரு காட்சி மறக்க முடியாதது. தாதியர் அவரைக் கிடத்தியிருந்தது வாழையிலையின்மேல். தீப்புண் பட்டவருக்கும் தோல் உரிந்தவருக்கும் வாழையிலை ஒட்டாத நல்ல படுக்கை என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் சோதித்து ஏற்றிருக்கின்றனர்; மும்பையில் தீப்புண்ணுக்கு அதனாற் செய்த கட்டைப் பற்றிய ஆய்வும் வெளிவந்துள்ளது. ஹெப்ரா தொட்டி கட்டித் தேடிய பொருள் நம் கொல்லையில் நின்றது. அம்மை கண்ட பிள்ளையை வாழையிலையில் கிடத்திய பாட்டிக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காரியம் தெரிந்திருந்தது. இலை மட்டும் போதாது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அது படுக்கையே அன்றி மருந்து அன்று.

பெம்பிகாய்டு நோய்க்கு வேறு பாதை பிறந்தது. 2002-ல் பிரான்சு மருத்துவர் ஜோலியும் குழுவினரும் 341 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், நோய் மிகுதியாகப் பரவியவர்களுள் வாய்வழி ஸ்டீராய்டு உண்டவர்களைவிட, கிளோபெட்டசால் களிம்பை உடலெங்கும் பூசிக்கொண்டவர்கள் மிகுதியாகப் பிழைத்தனர். ஓராண்டு முடிவில் பிழைத்திருந்தோர் களிம்பால் நூற்றுக்கு 76, மாத்திரையால் 58. முதியோரின் தளர்ந்த உடல் மாத்திரையைத் தாங்குவதில்லை.

பெம்பிகஸுக்கு இன்று முன்னணியில் நிற்பது ரிட்டக்ஸிமாப். நிணநீர்ப் புற்றுநோய்க்காக 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, எதிர்ப்பொருள் செய்யும் அணுக்களின் மூல வகையையே அழிக்கிறது. அதே ஜோலி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 90 புது நோயாளிகளுள் இதனைச் சிறிதளவு ஸ்டீராய்டுடன் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 89 பேர் ஈராண்டு முடிவில் மருந்தின்றி நோய் நீங்கி இருந்தனர். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 பேரே. 2018-ல் அமெரிக்க அரசு இந்நோய்க்கென்றே அதனை அனுமதித்தது. இந்தியாவில் 2007-லிருந்தே உள்நாட்டுத் தயாரிப்பு விற்பனைக்கு வந்ததனால் விலை ஓரளவு இறங்கியுள்ளது. என்றாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது இன்னும் பெருஞ்செலவே. காசம், மஞ்சட்காமாலைக் கிருமி ஆகியவை உடலில் ஒளிந்திருக்கின்றனவா என்று சோதித்த பின்னரே இதனைத் தருவர்.

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவருக்குச் சில செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைத் தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள். உடலில் வேறெங்கேனும் கொப்புளமோ பச்சைப்புண்ணோ இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மொழி தெரியாவிடில் உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்குப் பெண் துணை நலம். தோலில் சிறு துண்டு எடுக்க வேண்டும் என்றால் அஞ்ச வேண்டா. இரண்டு துண்டு எடுப்பர். ஒன்று நுண்ணோக்கிக்கு, மற்றொன்று, பஃபலோவில் கண்ட அந்தப் பச்சை ஒளிச் சோதனைக்கு. அதனைத் தனியான திரவத்தில் அனுப்ப வேண்டும். சாதாரண பார்மலினில் போட்டால் அச்சோதனை பயன்படாது. நோய் தொற்றாது, ஒரே வீட்டில், ஒரே தட்டில் உண்ணத் தடையில்லை. நோயாளியைத்தான் பிறரின் சளி, காய்ச்சலிலிருந்து காக்க வேண்டும்.

ஊருக்குச் செல்வதாயின், எத்தனையாவது சுற்று முடிந்தது, மாத்திரையின் பெயர், அளவு, கடைசி இரத்தச் சோதனை ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு செல்லுங்கள். சுற்று எந்த ஆஸ்பத்திரியிலும் தொடரலாம். காகிதம் இல்லாவிடில் அங்குள்ள மருத்துவர் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அந்த அம்மையார் அடுத்த முறை ஊர் சென்றபோது மருத்துவச் சீட்டுகளையெல்லாம் மஞ்சள் துணிப்பையில் போட்டு, ரயிலில் தலைக்கடியிலேயே வைத்துக்கொண்டார். அந்த மாதத்து ஊசியைத் திருநெல்வேலியிலேயே போட்டுக்கொண்டு திரும்பினார்.